கல்லை எடுக்கப் போய் கிட்னி கெட்டுவிடுமா?

கேள்வி சுருக்கமாக இது: அண்ணனுக்கு 46 வயது. இடது சிறுநீரகத்தில் 23 மி.மீ. கல், ஸ்கேனில் வீக்கமும் தெரிகிறது. சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் 1.1, நார்மல். முதுகுப் பக்கம் துளை போட்டுக் கல்லை எடுக்கச் சொல்கிறார் மருத்துவர். “துளை போட்டால் கிட்னியின் சக்தி போய்விடும், பிறகு டயாலிசிஸ்தான்” என்று வீட்டில் பயப்படுகிறார்கள். முன்பு இருந்த வலியும் இப்போது இல்லை. இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்க்கலாமா?

வீட்டார் பயப்படுவது துளையைப் பார்த்து. எனக்குக் கவலை தருபவை வேறு இரண்டு: “கிரியேட்டினின் நார்மல்”, “வலி இப்போது இல்லை”. இந்த இரண்டையும் நம்பித் தள்ளிப்போட்டு, சத்தமில்லாமல் ஒரு பக்கச் சிறுநீரகத்தை இழந்தவர்கள் நிறைய. அறுவை சிகிச்சையால் சிறுநீரகத்துக்கு வரும் சேதம் பெரும்பாலானவர்களுக்கு மிகச் சிறியது. அடைத்துக்கொண்டு கிடக்கும் கல் செய்யும் சேதத்தோடு அதை ஒப்பிடவே முடியாது. ஏன் என்று சொல்கிறேன்.

சிறுநீரகத்தை நெடுக்காகப் பிளந்து பார்த்தால் இரண்டு பகுதிகள் தெரியும். வெளிப்புறம் சதை. ரத்தத்தை வடிகட்டும் வேலை முழுவதும் அங்கேதான் நடக்கிறது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் நெஃப்ரான்கள் எனும் நுண்ணிய வடிகட்டிகள் ஏறக்குறைய 10 லட்சம் உண்டு. உள்புறம் வெறும் குழிவு. வடிகட்டி வந்த சிறுநீர் அங்குள்ள சின்னச் சின்னக் கிண்ணங்களில் இறங்கி, நடுப்பையில் சேர்ந்து, சிறுநீர்க்குழாய் வழியாகக் கீழே போகிறது. தொல்லை தரும் கற்கள் கிடப்பது இந்தக் குழிவில். ஆகவே கல்லை எடுக்கிறேன் என்று யாரும் வடிகட்டும் சதையை வெட்டி எடுப்பதில்லை. குழிவுக்குள் போய்ச்சேர ஒரு வழி வேண்டும், அவ்வளவுதான். எந்த வழியாகப் போகிறோம், போகிற வழியில் எவ்வளவு சதை அடிபடுகிறது என்பதில்தான் ஒரு சிகிச்சைக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம்.

வழியை மறிக்காமல் ஓரமாகக் கிடக்கும் சின்னக் கல் பல ஆண்டுகள் ஒன்றும் செய்யாமல் இருக்கலாம். அதையெல்லாம் உடனே எடுத்தாக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மறித்துவிட்டால்தான் கதை மாறுகிறது. சிறுநீர் வெளியேற முடியாமல் உள்ளே அழுத்தம் ஏறும். முதல் ஓரிரு மணி நேரம் ரத்த ஓட்டத்தைக் கூட்டிக்கொண்டு சிறுநீரகம் சமாளிக்கப் பார்க்கும். அப்புறம் ரத்தக் குழாய்கள் சுருங்கும், வடிகட்டும் அளவு விழும். நாட்கள் போகப் போக நெஃப்ரான்களின் நுண்குழல்கள் வாடும். வாரங்கள் போனால் அந்த இடத்தில் தழும்பு போன்ற நார்த்திசு வளரும். நார்த்திசு ஆகிவிட்ட பகுதி மறுபடி வேலை செய்யாது. நாய்களில் நடத்திய பழைய ஆய்வுகளில், சிறுநீர்க்குழாயை முழுவதும் கட்டி ஒரு வாரத்தில் அவிழ்த்தபோது செயல்பாடு ஏறத்தாழ முழுதும் மீண்டது. ஆறு வாரம் கழித்து அவிழ்த்தபோது மீண்டது மிகச் சொற்பம். மனிதர்களுக்குக் கல்லால் வருவது பெரும்பாலும் பாதி அடைப்பு; கொஞ்சம் சிறுநீர் கசிந்து போய்க்கொண்டே இருக்கும். அதனால் சேதம் மெதுவாக நடக்கும், கால அவகாசமும் அதிகம் கிடைக்கும். ஆனால் போகிற திசை அதேதான்.

வலி நின்றதைப் பற்றி. கல்வலி என்பது சிறுநீர்ப் பாதை திடீரென்று இழுபடும்போது வருவது. மெல்ல மெல்ல வீங்கும் சிறுநீரகம் வலிக்காமலே வீங்கிவிடும். அடைபட்ட சிறுநீரகம் சிறுநீர் உண்டாக்குவதைக் குறைத்துக்கொண்டாலும் வலி தணிந்துவிடும். ஸ்கேனில் வீக்கம் அப்படியே இருக்க, வலி மட்டும் போயிருந்தால் அது நல்ல செய்தி என்று எடுத்துக்கொள்ள முடியாது.

அடுத்து கிரியேட்டினின். சிறுநீரக தானம் செய்தவர்களை நினைத்துப் பாருங்கள். ஒன்றை முழுசாக எடுத்துக் கொடுத்துவிட்டும், அவர்களில் பலருக்கு ரத்தத்தில் கிரியேட்டினின் நார்மல் எல்லையை ஒட்டியே நிற்கிறது, ஏனென்றால் மீதமுள்ள ஒன்று சற்றுப் பெரிதாகிக் கூடுதல் வேலையை ஏற்றுக்கொள்கிறது. அப்படியானால் உங்கள் அண்ணனின் 1.1 என்ற எண் என்ன சொல்கிறது? இரண்டும் சேர்ந்து ஓரளவு நன்றாக வடிகட்டுகின்றன என்று சொல்கிறது. இடது பக்கம் எவ்வளவு செய்கிறது என்பது அதில் இல்லை. வலது நன்றாக இருந்தால், இடது முக்கால்வாசி போன பிறகும் இதே எண் வரலாம். போதாததற்கு, கிரியேட்டினின் தசை அளவைப் பொறுத்தும் மாறும். மெலிந்தவர்களுக்கு இயல்பாகவே குறைவாகக் காட்டும்.

பக்கவாரியாகத் தெரிய வேண்டுமானால் டிடிபிஏ ஸ்கேன் அல்லது அதைப் போன்ற ஐசோடோப் ஸ்கேன் எடுக்க வேண்டும். கையில் ஒரு ஊசி. மிகக் குறைந்த கதிரியக்கம் உள்ள மருந்து. படுக்க வைத்து, முதுகுப் பக்கம் உள்ள கேமரா ஏறக்குறைய அரை மணி நேரம், மருந்தை எந்தச் சிறுநீரகம் எவ்வளவு வாங்குகிறது, எவ்வளவு வேகத்தில் வெளியேற்றுகிறது என்று பதிவு செய்யும். ரிப்போர்ட்டில் இடது இத்தனை சதவீதம், வலது இத்தனை சதவீதம் என்று இருக்கும். இரண்டும் 45-க்கும் 55-க்கும் நடுவில் இருந்தால் சரிசமம் என்று பொருள். இடது 40 என்று வந்தால், கல்லை எடுத்தால் காப்பாற்ற நிறைய இருக்கிறது. 12 என்று வந்தால், கல்லை எடுப்பதா, சிறுநீரகத்தையே எடுப்பதா, இல்லை முதலில் ஒரு குழாய் வைத்து வடியவிட்டுப் பார்ப்பதா என்று பேச்சே வேறு மாதிரி போகும். எல்லாக் கல்லுக்கும் இந்த ஸ்கேன் தேவையில்லை. பெரிய கல், நாள்பட்ட வீக்கம், ஸ்கேனில் சதை மெலிந்திருக்கிறது என்ற குறிப்பு, இவற்றில் ஏதாவது இருந்தால் அறுவை சிகிச்சைக்கு முன்பே எடுத்து வைத்துவிடுவது நல்லது. பின்னால் செயல்பாடு குறைந்தது தெரியவந்தால், அது முன்பே போனதா, சிகிச்சையில் போனதா என்று அடித்துக்கொள்ளவும் வேண்டியிருக்காது.

இனி அந்தத் துளை. பிசிஎன்எல் என்று சொல்கிறார்களே, அதில் நடப்பது இதுதான். மயக்கம் கொடுத்த பிறகு, சிறுநீர்ப்பை வழியாக ஒரு மெல்லிய குழாயை மேலே ஏற்றி, சிறுநீரகத்தின் குழிவுக்குள் எக்ஸ்ரேயில் தெரியும் திரவத்தைச் செலுத்துவார்கள். கிண்ணங்கள் எங்கே இருக்கின்றன என்று திரையில் தெரியும். தேர்ந்தெடுத்த ஒரு கிண்ணத்தின் நுனியை நோக்கி முதுகிலிருந்து நீண்ட ஊசி போகும். ஊசி சரியான இடத்தில் விழுந்தால் சிறுநீர் சொட்டும். அதன் வழியாக ஒரு கம்பியை விட்டு, கம்பியின் மேல் படிப்படியாகத் தடிமனான குழாய்களை ஏற்றிப் பாதையை விரிப்பார்கள். கவனியுங்கள், சதையை அறுத்துத் தோண்டுவதில்லை, விலக்கி விரிக்கிறார்கள். வழக்கமான முறையில் பாதையின் அகலம் 8 முதல் 10 மி.மீ.; மினி பிசிஎன்எல் என்றால் அதில் ஏறக்குறைய பாதி. அந்த வழியே கேமராவை விட்டு, கல்லை உடைத்துத் துண்டுகளை வெளியே எடுப்பார்கள்.

கிண்ணத்தின் நுனியில் குத்துவதற்குக் காரணம் உண்டு. ஒரு நிமிடத்தில் ஏறக்குறைய ஒரு லிட்டர் ரத்தம் இரண்டு சிறுநீரகங்களிலும் பாய்கிறது, பெரிய கிளைக் குழாய்கள் கிண்ணங்களின் கழுத்தைச் சுற்றி ஓடுகின்றன. நுனி வழியாக உள்ளே போனால் அவற்றைத் தவிர்க்கலாம். பாதை ஆறிய பிறகு அங்கே ஒரு தழும்பு நிற்கும். அது மொத்தச் சதையில் 1 சதவீதத்துக்கும் குறைவான இடம். பிசிஎன்எல் செய்தவர்களுக்கு முன்னும் பின்னும் ஐசோடோப் ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஆய்வுகளில், பெரும்பாலோருக்குச் செயல்பாடு அப்படியே இருக்கிறது. அடைப்பு இருந்தவர்களில் சிலருக்குக் கூடியும் இருக்கிறது. வீட்டில் சொல்லும் “சக்தி போய்விடும்” என்பதற்கு இதில் ஆதாரம் இல்லை.

அதற்காக ஆபத்தே இல்லை என்று சொன்னால் அது பொய். ரத்தக்கசிவுதான் இதில் முதல் கவலை. சிலருக்கு ரத்தம் ஏற்ற வேண்டிவரும். இன்னும் சிலருக்கு, நூற்றில் ஒருவருக்கும் குறைவாக, கசியும் ரத்தக் குழாயைத் தேடிப்பிடித்து உள்ளிருந்தே அடைக்கும் எம்போலைசேஷன் தேவைப்படும். அப்படி அடைத்தால் அந்தக் கிளை ரத்தம் கொடுத்த சதைத்துண்டு செயலிழக்கும். சிறுநீரகம் முழுவதும் போகாது, ஒரு மூலை போகும். இந்தக் கசிவு எப்போதும் ஆபரேஷன் அன்றே வருவதில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் ஆன பிறகு திடீரென்று சிறுநீர் கட்டி கட்டியாகச் சிவப்பாகப் போகலாம். அப்படிப் போனால் தண்ணீர் குடித்துச் சமாளிக்கலாம் என்று உட்கார்ந்திருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

துளையே வேண்டாம் என்றால் சிறுநீர்ப் பாதை வழியாகவே வளையும் கேமராவை மேலே ஏற்றி, லேசரால் கல்லைப் பொடியாக்கும் ஆர்ஐஆர்எஸ் இருக்கிறது. சதையில் குத்தே இல்லை. எனவே இதுதான் சிறுநீரகத்துக்குப் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். பாதி சரி. ரத்தக்கசிவு குறைவு, ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்களுக்கு இது பெரிய வசதி. ஆனால் உள்ளே தெளிவாகத் தெரிவதற்காகத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டே இருக்க வேண்டும். பாதை குறுகல், நேரம் நீண்டால் உள் அழுத்தம் ஏறும்; கல்லோடு கிருமியும் இருந்தால் அது அழுத்தத்தில் பின்னோக்கி ரத்தத்துக்குள் போகலாம். ஆபரேஷன் முடிந்த இரவு குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வருவதும், ரத்த அழுத்தம் விழுவதும் இதனால்தான். கடுமையான கிருமித்தொற்றில் ரத்த அழுத்தம் விழும்போது இரண்டு சிறுநீரகங்களும் அடிவாங்கும். 20 மி.மீ.-க்கு மேற்பட்ட கல்லுக்கு வழிகாட்டுதல்கள் பிசிஎன்எல்-ஐ முதலில் வைப்பதற்கு ஒரு காரணம், ஒரே தடவையில் கல் முழுவதும் வெளியேறும் வாய்ப்பு அதில் அதிகம். ஆர்ஐஆர்எஸ்-இல் 23 மி.மீ. கல்லுக்கு இரண்டாம் தடவை போக வேண்டிவரலாம். உங்கள் அண்ணனின் மருத்துவர் சொன்னது வழக்கத்துக்கு மாறான யோசனை ஒன்றும் இல்லை.

வெளியிலிருந்து அதிர்வலை கொடுத்து உடைப்பது சின்னக் கற்களுக்குத்தான். அதிலும் சிறுநீரகம் லேசாகக் கன்றிப்போகும், ஒன்றிரண்டு நாள் சிறுநீரில் ரத்தம் தெரியும், அபூர்வமாகச் சிறுநீரகத்தைச் சுற்றி ரத்தம் கட்டும். குறைந்த சக்தியில் ஆரம்பித்து மெதுவாகக் கூட்டினால் சேதம் குறைகிறது என்று தெரிந்த பிறகு இப்போது அப்படித்தான் கொடுக்கிறார்கள். கட்டுப்பாடில்லாத ரத்த அழுத்தத்தோடு இதைச் செய்துகொள்ளக் கூடாது. 23 மி.மீ.-க்கு இது பொருந்தாது, எனவே இதை இத்தோடு விடுகிறேன்.

அப்படியானால் வீட்டாரின் பயம் எங்கிருந்து வந்தது? அதுவும் சும்மா முளைத்ததில்லை. ஒரு காலத்தில் பெரிய கல் என்றால் விலாவுக்குக் கீழே நீளமாகக் கிழிப்பார்கள். கிளை விட்டுப் பரவிய கல்லாக இருந்தால், ரத்தக் குழாயைக் கவ்விப் பிடித்து ஓட்டத்தை நிறுத்தி, சிறுநீரகத்தைப் பனிக்கட்டியால் குளிரவைத்து, அதைப் பிளந்து கல்லை எடுத்துத் தைப்பார்கள். அதில் சதை கொஞ்சம் போகத்தான் செய்தது. மறுபடி கல் வந்து மறுபடி கிழித்தால் இன்னும் போகும். 1976-இல் ஸ்வீடனில் முதன்முதலாகத் துளை வழியாகக் கல்லை எடுத்தார்கள். 1980-இல் ஜெர்மனியின் மியூனிக்கில் அதிர்வலையால் மனிதருக்கு முதல் சிகிச்சை நடந்தது. அதற்குப் பிறகு திறந்த அறுவை சிகிச்சை மிக அபூர்வமாகிவிட்டது. ஆனால் அந்தக் காலத்து அனுபவம் குடும்பங்களில் கதையாக இன்னும் உலவுகிறது.

சிகிச்சைக்குப் பிறகு ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் சற்று ஏறியிருப்பதைப் பார்த்துப் பதறுவார்கள். ஓரிரு நாள் கொஞ்சம் ஏறி, ஒரு வாரத்தில் இறங்கிவிடுவது சாதாரணமாகப் பார்க்கும் விஷயம். இறங்காமல் ஏறிக்கொண்டே போனால் துண்டு எங்காவது அடைத்திருக்கிறதா, கிருமித்தொற்றா, மருந்தா என்று தேட வேண்டும். இந்த ஏற்றத்தைத் தாங்கும் சக்தி குறைந்தவர்கள் சிலர் உண்டு: ஒரே சிறுநீரகம் உள்ளவர்கள், இரண்டிலும் கல் உள்ளவர்கள், சர்க்கரை நோயாலோ ரத்த அழுத்தத்தாலோ ஏற்கெனவே வடிகட்டும் திறன் குறைந்தவர்கள். இவர்களுக்கு அறுவை சிகிச்சையின் ஆபத்து அதிகம்தான். ஆனால் கல்லை விட்டுவைப்பதன் ஆபத்து அதைவிட அதிகம். எனவே இவர்களிடம் தள்ளிப்போடச் சொல்வதில்லை, கூடுதல் தயாரிப்போடு செய்யச் சொல்கிறோம். இரண்டு பக்கமும் அடைத்திருந்து திறந்துவிட்டவர்களுக்கு ஓரிரு நாள் சிறுநீர் வெள்ளமாகப் போகும். அப்போது உடம்பில் நீரும் உப்புகளும் குறைந்துவிடாமல் மருத்துவமனையில் அளந்து ஈடுகட்ட வேண்டும்.

போன செயல்பாடு எவ்வளவு திரும்பும்? வாடிப்போன நுண்குழல்கள் தேறும், நார்த்திசு ஆனது தேறாது. எது எவ்வளவு என்று ஆபரேஷன் அன்றே யாராலும் சொல்ல முடியாது. சதை நல்ல தடிமனாக இருந்தால், அடைப்பு புதிதாக இருந்தால், கிருமி சேராமல் இருந்தால் நிறைய எதிர்பார்க்கலாம். அடைப்பு நீங்கி ஒன்றரை மாதம் முதல் மூன்று மாதம் கழித்து மறுபடி ஐசோடோப் ஸ்கேன் எடுத்தால்தான் உண்மையான எண் தெரியும். வீக்கம் மட்டும் ஸ்கேனில் கொஞ்சம் மிச்சம் நிற்கலாம். நாள்பட விரிந்த பை பழைய அளவுக்குச் சுருங்காமலே போகலாம். வீக்கம் தெரிகிறது என்பதாலேயே இன்னும் அடைப்பு இருக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது, சிறுநீர் வடிகிறதா என்று பார்க்க வேண்டும்.

சரி, அறுவை சிகிச்சையும் நன்றாக முடிந்தது என்று வையுங்கள். சிறுநீரகத்தை இழக்கும் இன்னொரு வாசல் இதற்கு அப்புறம்தான் திறக்கிறது, அதைப் பற்றி யாரும் பயப்படுவதே இல்லை. டிஜே ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயை உள்ளே வைத்து அனுப்புவார்கள், ஆபரேஷனுக்குப் பிந்தைய வீக்கத்தில் பாதை அடைத்துக்கொள்ளாமல் இருக்க. சிறுநீர் அடிக்கடி வரும், போகும்போது விலாவில் சுருக்கென்று இழுக்கும், ஓடியாடினால் லேசாக ரத்தம் தெரியும். கொஞ்ச நாளில் இது பழகிவிடும், பழகியதும் ஆள் மறந்துவிடுவார். சில வாரங்களில் எடுக்க வேண்டிய குழாய் வருடக்கணக்கில் உள்ளேயே கிடக்கும். அதன்மேல் உப்பு படிந்து, குழாயே கல்லாகி, எடுக்க முடியாமல் மாட்டிக்கொண்டு, சிறுநீரகமும் போன நிலையில் வந்தவர்களைப் பார்க்காத சிறுநீரக மருத்துவர் இருக்க முடியாது. டிஸ்சார்ஜ் தாளில் ஸ்டென்ட் எடுக்கும் தேதி எழுதியிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். இல்லாவிட்டால் கேட்டு எழுதி வாங்குங்கள். உங்கள் போனிலும் நினைவூட்டல் போட்டு வையுங்கள், அண்ணனை நம்ப வேண்டாம்.

ஸ்டென்ட் எடுத்த பிறகும் நாலைந்து வாரத்தில் ஒரு அல்ட்ராசவுண்ட் அவசியம். சிறுநீர்க்குழாயில் தழும்பு விழுந்து மெல்லச் சுருங்கினால் வலியே இல்லாமல் மறுபடி அடைப்பு வரும். கல் போய்விட்டதே என்று இருந்துவிட்டால், கல் செய்யாமல் விட்டதைச் சுருக்கம் செய்து முடிக்கும். இந்த ஸ்கேனைத் தவிர்ப்பவர்கள்தான் அதிகம், நன்றாக இருக்கிறேனே எதற்கு என்று.

வலி மாத்திரையிலும் கவனம் வேண்டும். டைக்ளோஃபினாக் போன்றவை கல்வலிக்கு மிக நன்றாகக் கேட்கும், சிறுநீரகம் நன்றாக உள்ளவர் சில நாள் எடுத்தால் தவறில்லை. செயல்பாடு குறைந்தவர், வாந்தியால் நீர் வற்றிப்போனவர், மாதக்கணக்கில் தானாகவே வாங்கி விழுங்குபவர், இவர்களுக்கு அதே மாத்திரை கேடு.

இப்போது உங்கள் கடைசிக் கேள்விக்கு: பொறுக்கலாமா? ஸ்கேன் எடுக்கவும், சிறுநீரைக் கல்ச்சருக்கு அனுப்பிக் கிருமி இருந்தால் முதலில் அதைக் குணப்படுத்தவும், வேண்டுமானால் இன்னொரு மருத்துவரிடம் கேட்கவும் ஓரிரு வாரம் எடுத்துக்கொள்வதில் பெரும்பாலும் தவறில்லை. கரைத்துவிடலாம் என்று மாதக்கணக்கில் மருந்து சாப்பிட்டுக் காத்திருப்பது வேறு விஷயம். யூரிக் அமிலக் கல் மட்டும் சிறுநீரின் காரத்தன்மையைக் கூட்டினால் கரையும். அதிகம் பேருக்கு வரும் கால்சியம் ஆக்சலேட் கல் எதிலும் கரையாது. இந்த இடைவெளியில் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் மட்டும் கணக்கே மாறிவிடும். அடைபட்ட சிறுநீரகத்தில் கிருமி சேர்வது உயிருக்கே ஆபத்து. அன்றைக்கு உடனே செய்வது கல்லை எடுப்பது இல்லை. ஒரு ஸ்டென்ட்டோ முதுகு வழியாக ஒரு குழாயோ வைத்துத் தேங்கியதை வடியவிட்டு, கிருமி அடங்கிய பிறகுதான் கல்.

எடுத்த கல்லைத் தூக்கிப் போட்டுவிடாமல் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். கல் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பத்தாண்டுகளுக்குள் மறுபடி வருகிறது, ஒவ்வொரு முறையும் அடைப்பும் தொற்றும் சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சதையைத் தின்னும். பொதுவாக ஒரு நாளில் இரண்டரை லிட்டர் சிறுநீர் போகிற அளவுக்குத் தண்ணீர் குடிப்பதும் உப்பைக் குறைப்பதும் எல்லாக் கல்லுக்கும் பொருந்தும். அதற்கு மேல் என்ன செய்ய வேண்டும் என்பது கல் எந்த வகை என்று தெரிந்தால்தான் சொல்ல முடியும். கிருமியால் உண்டாகும் ஸ்ட்ருவைட் கல் என்றால் ஒரு துணுக்குகூட மிச்சம் வைக்கக் கூடாது, மிச்சத்திலிருந்தே மறுபடி வளரும். சிஸ்டின் கல் என்றால் அது பிறவியிலேயே வந்த கோளாறு. தம்பி தங்கைகளும் பரிசோதித்துக்கொள்வது நல்லது, அதாவது நீங்களும்தான்.

முதலில் அந்த டிடிபிஏ ஸ்கேனை எடுத்துவிடுங்கள். இடது பக்கத்தின் பங்கு 10, 15 சதவீதத்துக்குக் கீழே வந்தால் துளையைப் பற்றி நான் மேலே சொன்னதில் பாதி உங்கள் அண்ணனுக்குப் பொருந்தாது. அந்த ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு மருத்துவரிடம் மறுபடி உட்கார்ந்து பேச வேண்டும்.